கேட் வரைக்கும்

அந்த வார்டுக்கு இரண்டு கதவுகள். ஒன்று பூட்டிக்கொண்டால்தான் மற்றொன்று திறக்கும். நடுவில் நான்கு பேர் நெருக்கியடித்து நிற்கும் அளவுக்கு ஒரு கூண்டு. உள்ளே வருகிறவர் அதில் நின்று, முதுகுக்குப் பின்னால் கதவு டக்கென்று விழுந்த பிறகே முன்கதவில் சாவியைப் போட முடியும். சாவி, நர்சுகளின் இடுப்புப் பட்டையில் சங்கிலியோடு தொங்கும். டாக்டருக்குச் சாவி உண்டு. தரை துடைப்பவருக்கு உண்டு. சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவருக்கும் உண்டு. சாவி இல்லாதவர்கள் அங்கே இரண்டே வகை: நோயாளிகள், பயிற்சிக்கு வந்தவர்கள்.

ஜவுளி இரண்டாவது வகை. பெற்றோர் வைத்த பெயர் வேறு. முதல் நாள் அறிமுகத்தில், பதினோரு வருடம் அண்ணனின் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன் என்று வாயை விட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் வார்டு முழுக்க அவள் ஜவுளி ஆகிவிட்டாள். வயது முப்பத்து நான்கு. என்றைக்கோ வாங்கிப் பீரோவில் போட்டிருந்த வணிகவியல் பட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, முதுநிலை மனநலச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தவள். எந்தப் பட்டமானாலும் சரி, இரண்டே வருடம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது, வருடம் இரண்டுதான், ஆனால் கண்டம் ஆறு. ஆறு இடங்களில் பயிற்சி. ஒவ்வோர் இடத்திலும் மேற்பார்வை நர்ஸ் கையேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு முறை தவறினால் மன்னிப்பு. இரண்டாம் முறை தவறினால் நேராக வீடு.

ஒரு முறை தவறியாகிவிட்டது. முதல் இடத்தில் அவளைப் பற்றி எழுதியிருந்தார்கள்: "நோயாளி பேசும்போது வாக்கியத்தை இவரே முடித்துவிடுகிறார்." கடையில் அது திறமை. வாடிக்கையாளர் "அந்த நீலம்..." என்று இழுக்கும்போதே "கரை வேண்டாம், அதானே?" என்று அடுத்த கட்டைப் பிரிக்கிறவள்தான் விற்பாள். இங்கே அது குற்றம்.

தவறினால் போகிற வீடு என்றால் அண்ணன் வீடு. அண்ணன் வீடு என்றால் கடை. அண்ணன் கெட்டவர் இல்லை. தங்கை மேல் உயிர். அதுதான் சங்கடமே. வாரம் தவறாமல் போன் செய்வார்.

"உன் நாற்காலி அப்படியேதாம்மா இருக்கு. யாரையும் உட்கார விடல. தினமும் நானே துடைச்சு வெக்கிறேன்."

"எதுக்குண்ணா தினமும் துடைக்கிற?"

"நீ வந்தா தூசியா இருக்கக் கூடாதுல்ல."

அந்த நாற்காலியை நினைத்தாலே அவளுக்கு முதுகுக்குப் பின்னால் கதவு விழும் சத்தம் கேட்கும். கடையை விட்டு வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு வாடிக்கையாளர். தினமும் வந்து, பத்துக் கட்டுத் துணியைப் பிரிக்கச் சொல்லி, ஒரு முழம்கூட வாங்காமல் போகும் ஒரு பெண்மணி. அண்ணன் விரட்டச் சொன்னார். ஜவுளி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். அந்த அம்மாள் ஆறு மாதம் பேசினாள். ஆறு மாதமும் ஜவுளிக்கு வியாபாரம் ஓடியதே தெரியவில்லை. அதற்குப் பிறகு முழக்கோலைப் பிடித்தால் கை கனத்தது.

இந்த வார்டில் அவளுக்கு வாய்த்த மேற்பார்வை நர்சை எல்லோரும் கறார் சிஸ்டர் என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், அளந்து பேசுகிறவர். முதல் நாளே சொல்லிவிட்டார்:

"இங்க வாக்குக் குடுக்காத. நாளைக்குன்னு சொல்லாத. பார்க்கலாம்னுகூடச் சொல்லாத. உன்கிட்ட இருக்கிறதை மட்டும் சொல்லு."

"என்கிட்ட என்ன சிஸ்டர் இருக்கு?"

"அதைத்தான் சொல்றேன்."

அந்த வார்டில் தரகர் என்று ஒருவர் இருந்தார். முப்பது வருடம் வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுத்தவர். ஊரில் பாதி வாசற்படியில் அவர் செருப்புத் தேய்ந்திருக்கும். அவருக்கு வந்த நோய் அவர் தொழிலையே பிடித்துக்கொண்டு வந்தது. யார் கையிலிருந்து எதை வாங்கினாலும் அது அச்சாரம், வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது, எதையோ விற்றாகிவிட்டது. எதை விற்றோம் என்பது மட்டும் பிறகுதான் தெரியும். அதனால் தட்டை மேசையில் வைத்துவிட்டு ஆள் நகர்ந்தால்தான் சாப்பிடுவார். மாத்திரையை நர்ஸ் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் அவர் வாய் பூட்டிக்கொள்ளும். ஐந்து வாரமாக ஒரு மாத்திரை இறங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நான்கு பேர் பிடித்து ஊசி போட்டார்கள். அப்போதும் அவர் கத்தமாட்டார். "நான் சம்மதிக்கல, நான் சம்மதிக்கல" என்று சாட்சிக்குச் சொல்வதுபோல் அமைதியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அவர் ஏற்கெனவே இரண்டு முறை கூண்டு வரை ஓடியவர். ஆகவே ஒருவர் எந்நேரமும் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து, கால் மணிக்கு ஒரு தரம் அவர் என்ன செய்கிறார் என்று தாளில் குறிக்க வேண்டும். அந்த வேலையைப் பயிற்சிக்காரி தலையில் கட்டினார்கள். இரண்டு நாள் ஜவுளி குறித்தாள்: உட்கார்ந்திருக்கிறார். உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார். உட்கார்ந்திருக்கிறார். தன்னைப் பற்றி யாராவது தாள் எழுதினாலும் இதையேதான் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஐயா, ஒண்ணு கேக்கறேன். அச்சாரம்னா அதுக்கு எதிர்ல ஒரு சரக்கு இருக்கணும்ல? நீங்க எதை விக்கிறீங்க?"

தரகர் திரும்பினார். "அதைத்தானே யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. மொதல்ல கையில திணிக்கிறாங்க. அப்புறம் போய்ப் பார்த்தா வாசல்ல வேற ஆள் நிக்கிறான்."

"நியாயம்தான். சரக்கைச் சொல்லாம கை நீட்டறவன்கிட்ட நானும் வாங்க மாட்டேன்."

"உனக்கென்ன தெரியும்?"

"பதினோரு வருஷம் கடையில இருந்தேன் ஐயா."

அவர் அவளை மேலும் கீழும் அளந்தார். தரகருக்குத் தரகர் பார்க்கிற பார்வை அது. ஜவுளிக்கு உள்ளங்கை குறுகுறுத்தது.

"அப்போ மாத்திரையை நான் குடுக்கறதா வெச்சுக்காதீங்க. நீங்க அதை முழுங்கறதுதான் சரக்கு. அது உங்களோடது. நான் வாங்கிக்கிறேன். விலையை நீங்க சொல்லுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேட்."

"எந்தக் கேட்?"

"வெளி கேட். அந்தப் பக்கம் ரோடு இருக்கான்னு பார்க்கணும். வித்துட்டாங்களோ என்னமோ."

"பத்து நாள் மாத்திரை."

"ரெண்டு நாள்."

"ஐயா, ரெண்டு நாளுக்கு ஜன்னலைக்கூடத் திறக்க முடியாது. ஒன்பது."

"நாலு. போனாப் போகுதுன்னு சொல்றேன்."

"ஏழு. அதுக்குக் கீழ எனக்குக் கட்டாது."

அவர் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு கையை நீட்டினார். ஜவுளி கையை அடித்துக் கொடுத்தாள். ஐந்து வாரத்தில் அவர் ஒரு மனிதக் கையைத் தானாகத் தொட்டது அதுதான் முதல் தடவை. பத்தரைக்கு மருந்து ட்ராலி வந்தபோது அவளைப் பார்த்துக்கொண்டே மாத்திரையைப் போட்டு, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார். சரக்கு ஒப்படைக்கப்பட்டது.

சந்தோஷம் நடைபாதை வரைதான் நின்றது. கழிப்பறைக்குப் போக வார்டைத் தாண்ட வேண்டும். கதவைத் திறந்துவிட ஆள் தேடி அலுவலகக் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்தவர் போனில் பேசிக்கொண்டே "ஒரு நிமிஷம்" என்று விரலைக் காட்டினார். அந்த ஒரு நிமிஷம் ஒன்பது நிமிஷம் ஆனது. ஒரு கழிப்பறைக்குப் போக வழியில்லாதவள் ஒரு மனிதரை வெளி கேட் வரைக்கும் கூட்டிப்போவதாகக் கை அடித்துக் கொடுத்திருக்கிறாள் என்பது அந்த ஒன்பது நிமிஷத்தில் அவளுக்கு உறைத்தது.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குறிப்பில் "நல்லுறவு ஏற்பட்டது. மருந்தை ஏற்றார்" என்று எழுதினாள். கல்லூரிக்கு வாராவாரம் அனுப்ப வேண்டிய "இந்த வாரம் நான் கற்றது" கட்டுரையில் செவிமடுத்தல் என்ற தலைப்பில் இரண்டு பக்கம் பொழிந்தாள். அதில் கேட் என்ற சொல் வரவில்லை.

நாட்கள் நல்லபடியாக நடந்தன. அதனாலேயே கயிறு இறுகியது. மூன்றாம் மாத்திரைக்குப் பிறகு தரகர் பக்கத்து மேசைக்காரருக்குக் காலை வணக்கம் சொன்னார். நான்காம் மாத்திரைக்குப் பிறகு சவரம் செய்துகொண்டார். ஊசியை நிறுத்தி வைத்தார்கள். ஐந்தாம் நாள் கறார் சிஸ்டர் சிரித்தார். அந்தக் காட்சியைப் பார்த்ததாகத் தரை துடைப்பவர் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"வெள்ளிக்கிழமை உனக்கு இங்க கடைசி நாள். கையேட்டைக் கொண்டா. போட்டுத் தர்றேன்" என்றார் சிஸ்டர்.

வெள்ளிக்கிழமை என்பது ஏழு மாத்திரையும் முடிந்த மறுநாள், எட்டாம் நாள். கையெழுத்தும் கேட்டும் ஒரே நாளில் வந்து நின்றன.

ஆறாம் நாள் ஜவுளி மெல்ல நூல் விட்டுப் பார்த்தாள். "சிஸ்டர், தரகர் ஐயா நல்லாயிட்டாரே. சும்மா வெளி கேட் வரைக்கும் ஒரு நடை..."

"டாக்டர் எழுதியிருக்கிறதைப் படிச்சியா? அடுத்த பரிசீலனை வரைக்கும் அவர் முதல் கதவைத் தாண்டக் கூடாது. ரெண்டு தரம் ஓடின ஆள். ஏன் கேக்கற?"

"சும்மாதான் சிஸ்டர்."

அன்று மதியம் லாக்கரிலிருந்து போனை எடுத்தாள். அண்ணன் அழைப்பு இரண்டு இருந்தது. திரும்ப அழைத்தாள்.

"அண்ணா, கடையில இல்லாத சரக்குக்கு யாருக்காவது வாக்குக் குடுத்திருக்கியா?"

"ஒரு தரம் குடுத்தேன். ராத்திரியோட ராத்திரியா நாலு கடை ஏறி இறங்கி வாங்கிக் குடுத்துட்டேன். ஏம்மா?"

"இது எந்தக் கடையிலயும் கிடைக்காதுண்ணா."

"அப்போ ஒண்ணு செய். வந்துடு. இங்க நாற்காலி..."

அவள் போனை வைத்துவிட்டாள்.

எட்டாம் நாள் காலை. தரகர் குளித்து, முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழுத்து வரை போட்டு, கயிறு உருவிய ஷூவில் காலை நுழைத்து, முதல் கதவுக்கு முன்னால் நின்றிருந்தார். வீடு பார்க்க ஆள் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்பே வாசலில் நிற்பவரைப்போல நின்றார்.

ஜவுளி பக்கத்தில் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள். வாயிலிருந்து வந்தது வேறு.

"ஐயா, இன்னைக்கு மழை மாதிரி இருக்கு. நாளைக்கு வெச்சுக்கலாமா?"

தரகர் ஜன்னலைப் பார்த்தார். வெயில் கண்ணைப் பறித்தது. அவர் கோபப்படவில்லை.

"முப்பது வருஷம் கேட்டிருக்கேன்மா இந்த நாளைக்கை" என்றார். திரும்பிப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

பத்தரைக்கு ட்ராலி வந்தது. கறார் சிஸ்டரே தள்ளிக்கொண்டு வந்தார்.

"வேணாம்" என்றார் தரகர்.

"நேத்து வரைக்கும் எடுத்தீங்களே ஐயா."

"நேத்து வரைக்கும் எடுத்தேன்."

"இன்னைக்கு என்ன ஆச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"அது மூணாம் மனுஷர்கிட்ட பேசற விஷயமில்ல."

சொல்லும்போது அவர் ஜவுளியின் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. பேச்சு முறிந்தாலும் எதிராளியைக் காட்டிக்கொடுக்காத தொழில் சுத்தம். சிஸ்டர் இரண்டு முறை கேட்டார், காத்திருந்தார், மூன்றாம் முறை கேட்டார். பிறகு உதவியாளரிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஊசி நாளும் தாண்டிப்போச்சு. ஆளுங்களை வரச் சொல்லுங்க."

ஜவுளி சுவரோடு சாய்ந்து நின்றாள். கணக்குச் சுலபம். அவர் சொல்லமாட்டார். நான்கு பேர் வருவார்கள். ஊசி போடுவார்கள். "நோய் மறுபடி தலைதூக்கியது" என்று குறிப்பில் ஒரு வரி. மதியம் கையேட்டில் கையெழுத்து. அண்ணன் கடை நாற்காலி என்றென்றைக்கும் தூசி படிந்து கிடக்கட்டும். இதைவிட மலிவாக எந்தச் சந்தையிலும் எதுவும் கிடைக்காது. வாயை மூடிக்கொண்டிருப்பது ஒன்றுதான் வேலை.

நான்கு பேரும் வந்தார்கள். கையுறை மாட்டும் சத்தம். தரகர் நாற்காலியின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் சம்மதிக்கல" என்று ஆரம்பித்தார்.

"சிஸ்டர்" என்றாள் ஜவுளி. "நான் அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

சிஸ்டர் கையை உயர்த்தினார். நான்கு பேரும் நின்றார்கள்.

அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு ஜவுளி முழுவதையும் சொன்னாள்: ஏழு நாள், கேட், கை அடித்தது, மழை. சிஸ்டர் குறுக்கே பேசவில்லை.

"எதை வெச்சுக் குடுத்த வாக்கை?"

"ஒண்ணுமே இல்ல சிஸ்டர் என்கிட்ட."

"சாவிகூட இல்ல."

"சாவிகூட இல்ல."

"ஏழு நாளா குறிப்பு எழுதின. இது எந்தப் பக்கத்துல இருக்கு?"

"எந்தப் பக்கத்துலயும் இல்ல சிஸ்டர்."

"வாக்குக் குடுத்தது முட்டாள்தனம். எழுதாம விட்டது தப்பு. முட்டாள்தனத்துக்கு மருந்து இருக்கு." சிஸ்டர் கையேட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். கையெழுத்துக் கட்டத்தில் இல்லை, அதற்குக் கீழே எழுதினார். எழுதி முடித்துத் திருப்பிக் காட்டினார். 'பயிற்சி நீட்டிக்கப்படுகிறது. எட்டு வாரம். இதே வார்டு. இதே மேற்பார்வை.'

"பெயில் இல்லையா சிஸ்டர்?"

"பெயில் போட்டா வீட்டுக்குப் போயிடுவ. அது உனக்கு லாபம்." மூடியை மாட்டினார். "வா. அவர்கிட்ட நீயே சொல்லு. என் முன்னாடி."

வார்டே டிவியைப் பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டு இந்தப் பக்கம் காதைத் தீட்டி வைத்திருந்தது. ஜவுளி தரகருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"ஐயா, கேட்டைத் திறக்கற அதிகாரம் எனக்கு இல்ல. மொதல்லயும் இல்ல. இல்லாத சரக்கை உங்ககிட்ட வித்துட்டேன். மழைன்னு சொன்னதும் பொய்."

தரகர் நாற்காலிக் கைகளை விட்டார்.

"அப்போ என் ஏழு மாத்திரையைத் திருப்பிக் குடு."

ஜவுளி சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"முடியாதுல்ல?" என்றார் தரகர். "முழுங்கினது முழுங்கினதுதான். அதான் நான் வாங்கறதே இல்ல." பிறகு சிஸ்டரின் பக்கம் திரும்பினார். "நீங்கதான் முதலாளியா?"

"இல்ல. ஆனா உங்களுக்காகப் பேச எனக்கு அதிகாரம் இருக்கு." சிஸ்டரும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வார்டில் உட்கார்ந்து பார்த்தவர் குறைவு. "இன்னும் பதினஞ்சு நாள்ல உங்க பரிசீலனை. டாக்டர் முன்னாடி நான் பேசுவேன். மாத்திரை எடுத்திருந்தா நல்லதாப் பேச ஏதாவது இருக்கும். கேட் திறக்கும்னு நான் சொல்ல மாட்டேன். எடுக்கலைன்னா ஊசிதான். அதையும் மறைக்க மாட்டேன்."

"பத்து நாள்."

"பதினஞ்சு."

"பன்னெண்டு. ரெண்டு பேருக்கும் பாதகமில்ல."

"பதினஞ்சு ஐயா."

தரகர் ஜவுளியைப் பார்த்தார். "இது என்ன கடைம்மா?"

"நிர்ணய விலைக் கடை ஐயா."

"அதான் உள்ள வந்தவன் எல்லாம் முகத்தைத் தொங்கப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கான்."

சிஸ்டர் மாத்திரைக் கிண்ணத்தை அவர் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்தார். தண்ணீர்க் குவளையை அதன் பக்கத்தில் வைத்தார். "சாப்பாட்டு வண்டி வர்ற வரைக்கும் இருக்கட்டும். ஜவுளி, கூட இரு. குறிச்சுக்கோ. எல்லாத்தையும் குறிச்சுக்கோ." நான்கு பேரையும் கையால் தள்ளிக்கொண்டு போனார். முதல் கதவு திறந்து மூடியது. கொஞ்சம் பொறுத்து இரண்டாம் கதவு.

ஜவுளி தாளை எடுத்தாள். பதினொன்றே கால்: உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை மேசையில் இருக்கிறது. பதினொன்றரை: உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் இன்னும் எட்டு வாரம் நாற்காலியைத் துடைப்பார். இவள் இன்னும் எட்டு வாரம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கழிப்பறைக்குப் போகக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருப்பாள்.

"கண்ணாடி வழியா பார்த்தேன், அந்த சிஸ்டர் உன் புத்தகத்துல என்னமோ எழுதுனாங்களே. என்னது?" என்றார் தரகர்.

"எட்டு வாரம் ஐயா. இங்கயே."

"எனக்கு வாக்குக் குடுத்ததாலயா?"

"உங்ககிட்ட பேசினதை எழுதாம விட்டதால."

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "எட்டு வாரம்னா அம்பத்தாறு நாள்."

"ஆமா."

"எனக்குப் பதினஞ்சு."

"ஆமா ஐயா."

"அப்போ நான்தான் மொதல்ல வெளியே போவேன்" என்றார் தரகர். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு வியாபாரியின் திருப்தி தெரிந்தது. யாரும் கொடுக்காமல், யாரையும் பார்க்காமல், மேசையிலிருந்து தானே கிண்ணத்தை எடுத்தார். போட்டுக்கொண்டார். தண்ணீர் குடித்தார். கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார்.

ஜவுளி எட்டிப் பார்த்தாள். பதினொன்றே முக்கால் என்று எழுதி, அதற்கு நேரே நடந்ததை நடந்தபடி எழுதினாள். அந்தச் சின்னக் கட்டத்தில் அடங்கவில்லை. தாளின் ஓரத்திலும் எழுதினாள்.

சாப்பாட்டு வண்டி கூண்டுக்குள் வரும் சத்தம் கேட்டது. இருவரும் கதவைப் பார்த்தார்கள். டக்கென்று ஒன்று மூடியது. மற்றொன்று திறந்தது.